ஏரிக்காரரின் முதுகு

எங்கள் ஊரில் வழி கேட்டால் யாரும் கிழக்கு மேற்கு சொல்லமாட்டார்கள். "முதுகுப் பக்கம் போங்க" என்றால் நகரசபை ஆபீஸ். "மூஞ்சிப் பக்கம் போங்க" என்றால் மார்க்கெட். இரண்டுக்கும் நடுவில் ரவுண்டானாவில் நிற்கிறவர் ஏரிக்காரர். வெண்கலச் சிலை, பன்னிரண்டடி உயரம். தரையைத் தொடும் அங்கி, வழுக்கைத் தலை. கை இரண்டையும் பின்னால் கட்டி, ஒரு தொப்பியை மல்லாக்கப் பிடித்திருப்பார். ஊருக்கு ஏரி வெட்டிக் கொடுத்தவராம். அது பீடத்துக் கல்லில் எழுதியிருக்கிறது. ஆனால் கல் இருப்பது ஆபீஸ் பக்கம், அவருடைய முதுகுக்குக் கீழே. அவர் யார் என்று தெரிய வேண்டுமானால் பின்னால் போய்த்தான் படிக்க வேண்டும்.

ஆபீசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மனுஷன் நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? உள்ளே நடக்கிற வேலையைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் தானாகவே திரும்பிக்கொண்டார் என்பார்கள் சிலர். அந்தத் தொப்பி எதற்கு என்று மார்க்கெட்டில் தக்காளிக்காரம்மாவைக் கேட்க வேண்டும். "உள்ள வாங்குனதையெல்லாம் திருப்பிப் போடுங்கடான்னு நீட்டிக்கிட்டு நிக்கறாரு. முப்பத்தோரு வருஷமா மழைத்தண்ணிதான் விழுந்திருக்கு. அதையும் காக்கா குடிச்சுட்டுப் போயிடுது." மனு கொடுத்து மனு கொடுத்துச் சலித்தவனிடம், "விடுப்பா, அவரு திரும்பறப்ப உன் வேலையும் முடியும்" என்பார்கள். புதிதாக மாற்றலாகி வருகிற அதிகாரிகள் முதல் மாசம் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். அடுத்த மாசம் திரை வாங்கிப் போடுவார்கள்.

இத்தனை கதைக்கும் மூலக்கதை ஒன்று உண்டு. அது என் மாமனாரின் கதை.

அவரை ஊரில் கைக்கண்ணு மேஸ்திரி என்றால்தான் தெரியும். பாரம் தூக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். கட்டின மூட்டை, மூடின பெட்டி, சாக்கு சுற்றின மெஷின் எதுவானாலும் மேலே கையை வைத்து ஒரு தடவு தடவுவார். உள்ளே என்ன, பாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே கயிறு போட வேண்டும் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். அந்தக் கைதான் கண் என்று வந்த பேர். சிலையைப் பீடத்தில் ஏற்றியது அவர் கூட்டம். அவர் சொல்கிற கதை இது: சிலையை ஊருக்குள்ளே கொண்டுபோக அனுமதிச் சீட்டுத் தராமல் ஆபீஸ்காரர்கள் இவர்களை மூன்று நாள் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். நாலாம் நாள் சீட்டு வந்தது. இவர் மனசுக்குள், 'மூணு நாள் எங்களை நிக்க வெச்சீங்கல்ல, இனிமே ஆயுசுக்கும் இவர் முதுகைப் பாத்துக்கிட்டு உக்காருங்கடா' என்று சொல்லிக்கொண்டு சிலையைத் திருப்பி நிறுத்திவிட்டார்.

முதுகெலும்பு பிசகி அவர் வேலையை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. முழங்காலும் போச்சு. ஆனாலும் மார்க்கெட் டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சில் ஒருவன் எழுந்து இடம் கொடுப்பான். வெளியூர்க்காரன் வந்தால் கூட்டிவந்து காட்டுவார்கள்: "இவருதான் திருப்பி வெச்சவரு." உழைக்கிறவன் ஆபீஸ்காரனை ஜெயித்த கதை எங்கள் ஊரில் அது ஒன்றுதான். அதனால் அதை யாரும் சாகவிடவில்லை.

நான் அவர் மகளைக் கட்டி இருபத்திரண்டு வருஷம். இப்போது அதே கூட்டத்துக்கு நான் மேஸ்திரி. அவரும் எங்களோடுதான் இருக்கிறார், இரண்டு அறை வீட்டில். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால் வாரத்துக்கு மூன்று தரம் அந்தக் கதை வரும். "மூணு நாள் வெயில்ல" என்று அவர் ஆரம்பித்ததும் நான் கை கழுவ எழுந்துவிடுவேன். "உங்க மருமகனுக்கு என் கதைன்னா கசக்குது" என்று சாமியிடம் முறையிடுவதுபோல அடுப்பைப் பார்த்துச் சொல்வார். மருமகன் அவருக்கா அடுப்புக்கா என்று என் மனைவி கேட்பாள்.

இந்த வருஷம் பீடம் விரிசல் விட்டது. சிலையை இறக்கி, பீடத்தை உடைத்துக் கட்டி, திரும்ப ஏற்றுகிற வேலை எங்கள் கூட்டத்துக்கு வந்தது. கிரேன் வைத்து இறக்கினோம். பழைய லாரி டயர்களை அடுக்கி அதன்மேல் படுக்க வைத்தோம். சங்கிலி பட்டுக் கீறல் விழாமல் இருக்க, தலையிலிருந்து கால்வரை வைக்கோல் வைத்துச் சாக்கைச் சுற்றித் தைத்தோம். இரண்டே முக்கால் டன். ஏரிக்காரர் முதல்தடவையாகப் படுத்துத் தூங்குகிறார் என்று மார்க்கெட்டில் பேச்சு. "ஆபீஸ்காரங்க தினமும் தூங்கறாங்க, இவரு நாலு நாள் தூங்கினா என்ன" என்றாள் தக்காளிக்காரம்மா.

ஐந்தாம் நாள் எஞ்சினியரம்மா ஒரு பழைய கோப்போடு வந்தார். ஊருக்குப் புதுசு. வெயிலுக்குத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களோடு கம்பி அளக்கிறவர், அதனால் எங்களுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பீடத்தின்மேல் வரைபடத்தை விரித்தார்.

"மேஸ்திரி, இதப் பாருங்க. அசல் பிளான்ல முகம் ஆபீஸ் பக்கம் இருக்கு."

"ஆமாங்க. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். கோப்புல இல்லையே. திசைய மாத்தினதுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்ல. தெரிஞ்சே மாத்தினதா இருந்தா இருக்கற மாதிரியே வெச்சுடலாம். தவறா நடந்திருந்தா பிளான்படிதான் திருப்பி வைக்கணும். என்னால வேற மாதிரி எழுத முடியாது. அன்னைக்குச் சிலைய ஏத்தின கூட்டத்துல இப்ப உயிரோட இருக்கறது உங்க மாமனார் மட்டும்தான்னு சொல்றாங்க. அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும். தெரிஞ்சு செஞ்சதா, தவறா."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பத்தோரு வருஷமாகக் கேட்காதவனுக்கும் சொன்ன ஆள். ஒரு வரியா? ஒரு நோட்டுப் புத்தகம் எழுதிக் கொடுப்பார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாமா தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கையெழுத்தா?" என்றார்.

"ஆமா மாமா. நீங்க சொல்ற கதைதான். அதையே எழுதிக் குடுங்க, முடிஞ்சுது."

"எழுதிக் குடுக்கலேன்னா?"

"பிளான்படி திருப்பி வெச்சுடுவாங்க."

என் மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றாள். "என்னப்பா யோசனை? ஊரே உங்க வாயைப் பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு கையெழுத்துத்தானே."

அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்த வீட்டில் அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் சேதி மார்க்கெட் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடைக்காரர் மாமாவுக்கு முன்னால் டீயை வைத்து, "மேஸ்திரி, பேனா வேணும்னா கடைப் பேனா இருக்கு" என்றாராம். இன்னொருவர், "நல்லா அழுத்திப் போடுங்க, அந்தப் பக்கம் தெரியணும்" என்றாராம். மாமா டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் நாங்கள் வேலையை ஆரம்பிக்கிற நேரத்துக்கு அவர் தடியை ஊன்றிக்கொண்டு ரவுண்டானாவுக்கு வந்தார். மற்றவர்கள் சிமெண்ட் கலவை போடப் போயிருந்தார்கள். மாமா நேராக டயர் அடுக்குக்குப் போனார். சாக்கு சுற்றிய சிலை ஒருக்களித்துக் கிடந்தது. தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, சாக்கின்மேல் கையை வைத்தார். இடுப்புக்கு நேரே. அங்கேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"நான் திருப்பல."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் வந்தது" என்றார். "வார்ப்புப் பட்டறையிலயே தலையோட கால் சாக்கு சுத்தி, வைக்கோல் அடைச்சு, ஒரே தையலா தைச்சுட்டாங்க. நூல் நுனிய இழுத்தா தையல் மொத்தமும் பிரிஞ்சு சாக்கு விழும்ல, அந்த மாதிரி. திறந்து வைக்கறவரு மேடையில நின்னு நூல இழுக்கணுமாம். அதுவரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாதுன்னு உத்தரவு. தலை பூசணிக்கா மாதிரி உருண்டை. கால் தெரியாது. எது முன்பக்கம்னு சூப்பர்வைசர் கேட்டாரு. நான் இருக்கேன்ல, கைக்கண்ணு. தடவிப் பாத்தேன்."

மறுபடியும் அதே இடத்தில் கையை வைத்துக் காட்டினார்.

"ஒரு பக்கம் பலகை மாதிரி சப்பையா இருந்துச்சு. இந்தப் பக்கம் உப்பிக்கிட்டு, அதுக்கு மேல கை கட்டின மாதிரி. வயிறுன்னு சொல்லிட்டேன். சிலை வைக்கற அளவுக்குப் பெரிய மனுஷன்னா வயிறு இல்லாம இருக்குமா மாப்ள? நான் பாத்த பெரிய மனுஷனுக்கெல்லாம் இருந்துச்சு. இவரு மம்பட்டி புடிச்ச ஆளுன்னு எனக்கு எவன் சொன்னான்? அது வயிறு இல்ல. தொப்பி."

நான் சாக்கின் உப்பலைப் பார்த்தேன்.

"நூல இழுத்தாங்க. சாக்கு விழுந்துச்சு. மேடை மொத்தமும் ஒரு வழுக்கைப் பிடரியப் பாத்துக்கிட்டு நிக்குது. அந்த நேரம் பாத்து மார்க்கெட் பக்கம் நின்ன சனம் கையைத் தட்டிருச்சு, அவங்களுக்குத்தானே மூஞ்சி தெரியுது. மேடையில இருந்தவரு பொழைக்கத் தெரிஞ்ச ஆளு. மைக்க வாங்கி, ‘இவர் என்றும் மக்களைப் பார்த்தே நிற்பார்'னு ஒரு போடு போட்டாரு. நாங்க தப்பிச்சோம். வெளிய வந்ததும் எவனோ, ‘மேஸ்திரி, வேணும்னேதானே செஞ்சீங்க'ன்னு கேட்டான். இல்லேன்னு சொல்ல வாய் வரல. அதுக்கப்புறம் சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் இருந்துச்சு."

"மூணு நாள் வெயில்ல நின்னது?"

"அது நிஜம்" என்றார் கோபமாக. "அதுல பொய் இல்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவருக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று சொன்னேன்: "சரி மாமா. நமக்குள்ள இருக்கட்டும். தெரிஞ்சே செஞ்சதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. யாருக்கு நஷ்டம்? ஊரும் சந்தோஷப்படும், நீங்களும் பெஞ்சுல உக்காரலாம்."

அவர் தடியை எடுத்தார். எனக்கு அவர் மரியாதை குறைப்பதே இல்லை. திட்டும்போதும் 'நீங்க'தான்.

"நீங்கல்லாம் என்ன மேஸ்திரி? பாரம் எவ்வளவுன்னு கேட்டா இருக்கறதச் சொல்லணும். ரெண்டு டன்ன ஒரு டன்னுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா கயிறு கேக்குமா? அறுந்து கீழ நிக்கறவன் தலையில விழும். டீக்கடையில நான் ஆயிரம் பேசுவேன். அது வாய். கையெழுத்து வேற. தொழில்ல நான் பொய்க் கையெழுத்துப் போட்டதில்ல, இந்த வயசுல போடச் சொல்றீங்களா?"

"அப்ப திருப்பி வெச்சுடுவாங்களே மாமா."

"வெச்சுட்டுப் போறாங்க."

சொல்லிவிட்டு மார்க்கெட் பக்கம் திரும்பிப் பார்த்தார். டீக்கடை பெஞ்சு அங்கிருந்தே தெரியும். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் தடியை ஊன்றித் திரும்பி நடந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு சாக்கின்மேல் கையை வைத்தேன். ஒரு பக்கம் சப்பை. மறுபக்கம் உப்பல், அதன்மேல் கோத்த கைகள். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிலையின் கீழே டீ குடிக்கிறவன் நான். அது முதுகு என்று தெரிந்தே தொட்டேன். அப்படியும் என் கை வயிறு என்றுதான் சொன்னது.

"மாமா" என்று கூப்பிட்டேன். திரும்பினார். "நானா இருந்தாலும் வயிறுன்னுதான் சொல்லியிருப்பேன்."

கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தார். "கை நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஞ்சினியரம்மாவிடம் அன்றே எழுதிக் கொடுத்தார். மாமா சொல்ல நான் எழுதினேன். 'சாக்கின் மேல் தடவிப் பார்த்ததில் முதுகை வயிறு என்று நினைத்து மாற்றி நிறுத்திவிட்டேன். தவறு என்னுடையது. வேறு யாரும் பொறுப்பில்லை.' அவர் கையெழுத்துப் போட்டார். அழுத்தித்தான் போட்டார். எஞ்சினியரம்மா இரண்டு தரம் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஐயா, நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்மா."

அதற்கப்புறம் நாலு நாள் மாமா வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. முழங்கால் வலி என்றார். டீக்கடைக்காரர் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்தார். காகிதத்தில் என்ன எழுதினார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, எப்படியும் சிலை திரும்புகிற அன்று தெரிந்துவிடும் என்று இருந்தேன். பீடத்தில் கலவை இறுகியது. ஆபீஸ் பக்கம் பார்த்துச் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டு வைத்தேன். மனசில்லாமல்தான் போட்டேன்.

சிலை ஏற்றுவதற்கு முந்தின நாள் எஞ்சினியரம்மா வந்து அம்புக்குறியைக் காலால் அழித்தார்.

"இருந்த மாதிரியே வைங்க மேஸ்திரி."

"மாமா எழுதிக் குடுத்தது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேலதிகாரிங்க படிச்சாங்க. முப்பத்தோரு வருஷம் தப்பா நின்னுச்சுன்னு எழுதினா, அன்னைக்குச் சரிபாத்துக் கையெழுத்துப் போட்ட ஆறு பேர் கதை என்ன ஆகறதுன்னு கேக்கறாங்க. அதுல ஒருத்தர் இன்னைக்கு ரொம்பப் பெரிய இடத்துல இருக்காராம். தடவிப் பாத்து வயிறுன்னு நினைச்சாங்கன்னு கோப்புல வெச்சா ஊரே சிரிக்கும்னாங்க. ஆரம்பத்துலேர்ந்தே திட்டமிட்டு மக்களைப் பாத்த மாதிரி வெச்சதுன்னு அவங்களே ஒரு குறிப்பு எழுதிட்டாங்க."

"அப்ப மாமா குடுத்த காகிதம்?"

"முதியவர், ஞாபகப் பிசகுன்னு போட்டு ஓரமா வெச்சாச்சு."

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மாமா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்கா ஞாபகப் பிசகு? அன்னைக்கு எத்தன கயிறு, எத்தன முடிச்சுன்னு கேக்கச் சொல்லுங்க, சொல்றேன். நான் பொய் சொல்றவரைக்கும் ஊர் நம்புச்சு. உண்மையச் சொன்னா ஞாபகப் பிசகா?"

"விடுங்கப்பா, நல்லதுதானே நடந்துச்சு" என்றாள் என் மனைவி.

"எது நல்லது? தப்பு என்னோடது. அதையும் அவனுங்களே எடுத்துக்கிட்டாங்க!"

மறுநாள் காலையில் கிரேன் வந்தது. மார்க்கெட் பாதி ரவுண்டானாவில் இருந்தது. குழப்பம் வரக்கூடாது என்று சிலையின் முகத்துப் பக்கம் சாக்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தேன். மாமா முழங்கால் வலியை மறந்துவிட்டு வந்து சேர்ந்தார். கூட்டம் வழி விட்டது. சிவப்புத் துணியை ஒரு பார்வை பார்த்தார். அதைச் சட்டை செய்யாமல் சாக்கின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"இது முதுகு" என்றார். "ஆபீஸ் பக்கம் போகட்டும்."

கிரேன் தூக்கியது. போல்ட் ஆறும் ஓட்டையில் உட்கார்ந்தன. நட்டை முறுக்கி முடித்து, நூல் நுனியை இழுத்தோம். சாக்கு விழுந்தது, வைக்கோல் பறந்தது, ஏரிக்காரர் மார்க்கெட்டைப் பார்த்து நின்றார். கைதட்டல். ஆபீஸ் மாடியில் ஒரு ஜன்னல் திரை மூடிக்கொண்டது.

டீக்கடையில் இடம் கொடுக்க நாலு பேர் எழுந்தார்கள். மாமா உட்காரவில்லை. தடியை ஊன்றி நின்றுகொண்டே சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. நான் வேணும்னு திருப்பல. தொப்பிய வயிறுன்னு நெனச்சுட்டேன். தப்புதான்."

தக்காளிக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடையே சிரித்தது. "கைக்கண்ணு மேஸ்திரிக்கு வயிறு எது, தொப்பி எதுன்னு தெரியாதாமே!" என்றார் ஒருவர். "ஆபீஸ்ல கையெழுத்து வாங்கிட்டாங்கல்ல, இனிமே இப்படித்தான் சொல்லணும், பாவம்" என்றார் இன்னொருவர். டீக்கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே, "உங்க கையத் தெரியாதா எங்களுக்கு?" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? உண்மைதான் என்று நானும் சொன்னேன். "மருமகன் விட்டுக் குடுப்பாரா" என்று அதற்கும் சிரித்தார்கள்.

மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மூணு நாள் வெயில்ல நின்னோம்" என்று ஆரம்பித்தார். மனைவி என் தட்டைப் பார்த்தாள், நான் எழுந்திருப்பேன் என்று. "நாலாம் நாள் சீட்டு வந்துச்சு. சாக்கு மேல கைய வெச்சேன். வயிறுன்னு நெனச்சேன்" என்றார்.

நான் தட்டை நகர்த்தி இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். அவர் கயிறுகளின் கணக்கு, முடிச்சுகளின் கணக்கு எல்லாம் சொல்லி, நூல் நுனியை இழுக்கிற இடத்துக்கு வந்தபோது என் கை காய்ந்து போயிருந்தது.